முப்பத்தேழாவது பிள்ளை

தம்பி,

நீ கேட்ட நோட்டுப் புத்தகங்களை டிரங்குப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்துவிட்டேன். உப்புக் காற்றில் பின்கள் துருப்பிடித்து, நடுப்பக்கங்களில் பழுப்பாகக் கசிந்திருக்கின்றன. எழுத்து அப்படியே இருக்கிறது. இடப்பக்கம் என் கையெழுத்து, வலப்பக்கம் உன்னுடையது. ஏழு வருடத்து நோட்டுகளில் வேறு யாருடைய கையெழுத்தும் இல்லை. சிவப்பு மையில் திருத்தியதும் நான்தான். மூன்று நாட்களாக அவற்றைக் கட்டிலின் மேல் பரப்பி வைத்துக்கொண்டு, பார்சல் கட்டாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

உன் செய்தியைப் பலமுறை படித்தேன். "நிலாவை ஸ்கூல்ல சேர்க்கப் போறதில்லம்மா. நீ இங்க வந்துடு. எனக்குச் சொல்லிக் குடுத்த மாதிரியே அவளுக்கும் சொல்லிக் குடு. நீயும் அங்க தனியா இருக்க வேணாம்." இந்த மாதக் கடைசியோடு எல்.கே.ஜி. அட்மிஷன் முடிந்துவிடும் என்று உன் மனைவி கவிதா சொன்னாள். அதற்குள் நான் வருகிறேனா இல்லையா என்று சொல்ல வேண்டும். நான் வந்தால் உன் மகள் நிலா வீட்டில் இருப்பாள். வராவிட்டால் நீ தனியாகச் சொல்லிக் கொடுக்கத் துணிய மாட்டாய் என்று எனக்குத் தெரியும். ஆக, முடிவு என் கையில் இருக்கிறது. இரண்டாவது முறையாக.

உன் அப்பா போய் இரண்டு வருடம் ஆகிறது. அவருடைய உப்புப் பாத்திகளை வேறு ஒருவர் எடுத்து நடத்துகிறார். விடியும் முன்பே ஆட்கள் வந்து, வெயில் ஏறுவதற்குள் போய்விடுகிறார்கள். அதற்குப் பிறகு வெள்ளைதான். ஜன்னலைத் திறந்தால் கண் கூசும். மூடினால் வீடு இருட்டு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகும் பஸ்ஸின் ஹாரன் எப்போதாவது கேட்கும். உன் செய்தியைப் படித்ததும் எனக்கு வந்தது சந்தோஷம். மறைக்க மாட்டேன். எந்தப் புடவைகளை எடுத்துக்கொள்வது என்றுகூட யோசித்துவிட்டேன். பத்து நிமிடம் இருக்கும். பிறகு பயம் வந்தது. இந்தச் சந்தோஷம் எனக்குப் புதிதல்ல. நீ மூன்றாம் வகுப்பை விட்டு வீட்டுக்கு வந்த நாளன்று வந்ததும் இதுதான்.

இதை உனக்கு மட்டும் எழுதி நோட்டுகளோடு வைத்து அனுப்பியிருக்கலாம். பலர் படிக்கும் இடத்தில் எழுதுகிறேன். பெருமை பேசியபோது பலர் கேட்கத்தான் பேசினேன்.

எல்லாரிடமும் நான் சொன்ன கதை உனக்கும் மனப்பாடம். ஒரு வாத்தியார் உன் கெண்டைக்காலில் ஸ்கேலால் அடித்தார். நீ சார்ட் பேப்பர் கொண்டுபோகவில்லை என்பதற்காக. நான் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். மூன்றாம் வகுப்பு முழுவதும் ஒரே குரலில் வாய்ப்பாடு கத்திக்கொண்டிருந்தது. தத்துவத்தில் எம்.ஏ. படித்தவள், குழந்தைகளின் சுதந்திரம் பற்றிப் புத்தகம் புத்தகமாக வாசித்தவள், அந்த நிமிடமே உன் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். இதுதான் கதை. இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் ஸ்கேல் அடித்த அந்தக் கோடு இரண்டு நாளில் மறைந்துவிட்டது. மறுநாளே அந்த வாத்தியார், பாத்திக்கு வந்து உன் அப்பாவிடம் வருத்தம் தெரிவித்துவிட்டுப் போனார். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. உன்னிடமும் சொன்னதில்லை.

அந்தக் கோடு எனக்குத் தேவைப்பட்டது. நான் புதுச்சேரியில் வளர்ந்தவள். உன் அப்பாவை நானாகத் தேர்ந்தெடுத்து, யாரும் வராத ஒரு கல்யாணத்தைச் செய்துகொண்டு, மரக்காணத்தில் இந்த வீட்டுக்கு வந்தேன். என் வீட்டார் பிறகும் வரவில்லை. அப்பா நல்ல மனிதர். ஆனால் இருட்டிலேயே பாத்திக்குப் போய், வந்து தூங்கி, மாலையில் திரும்பவும் மடை பார்க்கப் போகிறவர். மழைக்காலத்தில் பாத்திகள் எல்லாம் ஒரே தண்ணீராகக் கிடக்கும். மூன்று மாதம் வேலை இல்லை, ஆள் நடமாட்டம் இல்லை. நீ பிறந்த பிறகு அந்த வெறுமை நின்றது. ஐந்து வயதில் உன்னைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்த காலையிலேயே திரும்பவும் தொடங்கியது. காலை ஒன்பது மணியிலிருந்து மாலை நான்கு மணிவரை அந்த வீட்டில் நான் என்ன செய்தேன் என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன். ஒன்றும் நினைவில் இல்லை. மூன்று வருடம். ஒரு நாள்கூட நினைவில் இல்லை.

உன்னை வெளியே கூட்டிவந்த நாள் மட்டும் முழுதாக நினைவிருக்கிறது. மதியம் இருவரும் சேர்ந்து சாப்பிட்டோம். நீ பேசிக்கொண்டே இருந்தாய்.

உப்பு வாரும் பெண்கள் என்னை டீச்சரம்மா என்று கூப்பிடத் தொடங்கினார்கள். அதில் பாதி மரியாதை, பாதி கிண்டல். அஞ்சலைதான் வாய்க்காரி. கூடையை இறக்கிவிட்டு நம் ஜன்னலைப் பார்த்து, "ஒரு புள்ளைக்கு ஒரு டீச்சரு. கலெக்டர் புள்ளைக்குக்கூட இந்தக் குடுப்பினை இல்லடி" என்பாள். மற்றவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அவளுடைய மகன் சதீஷ் உன்னோடு மூன்றாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன்.

மழைக்குப் பிறகு பாத்தியை எப்படித் தயார் செய்வார்கள் என்று உனக்குத் தெரியும். உன் மகளுக்குத் தெரியாது என்பதால் எழுதுகிறேன். தண்ணீரை வடித்து, சேற்றை வாரிவிட்டு, தரையை மிதிப்பார்கள். நாள் கணக்கில் மிதிக்க வேண்டும். தரை இறுகினால்தான் உப்புத் தண்ணீர் கீழே இறங்காமல் நின்று உப்பாகும். ஆணும் பெண்ணும் வரிசையாக, பக்கத்தில் இருப்பவர் தோளில் கை போட்டுக்கொண்டு மிதிப்பார்கள். சனிக்கிழமைகளில் பிள்ளைகளும் சேர்ந்துகொள்ளும். அந்த வருடம் நான் உனக்காக ஒரு பாடம் தயாரித்தேன். வீட்டுக்குப் பின்னால் பத்தடிக்குப் பத்தடி ஒரு சின்னப் பாத்தி. பரப்பளவு, கொள்ளளவு, ஆவியாதல் எல்லாம் அதிலேயே. நீ மட்டும் மிதித்தாய். சனிக்கிழமை சதீஷும் இன்னும் நான்கு பிள்ளைகளும் வரப்பில் வந்து நின்றார்கள். "நாங்களும் மிதிக்கவா டீச்சரம்மா?" என்று கேட்டான். நான் வேண்டாம் என்றேன். இது அவனுடைய பாடம், அளவு மாறிவிடும் என்றேன். அவர்கள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். நீ அவர்கள் போன திசையைப் பார்த்துக்கொண்டே மிதித்தாய்.

தண்ணீர் விட்டோம். அளவுகோல் நட்டு, தினமும் எவ்வளவு குறைந்தது என்று எழுதினாய். வேகமாகக் குறைந்தது. நான் பூரித்துப்போனேன். நான்காம் நாள் தரை தெரிந்தது. உப்பு என்று ஏதோ இருந்தது, சாம்பல் நிறத்தில், சேறோடு சேர்ந்து. உன் அப்பா வந்து குந்தி உட்கார்ந்து விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இது ஆவியாவல. கீழ போயிருக்கு."

எப்படி என்று கேட்டேன்.

"ஒருத்தனே மிதிச்சா அவன் கால் போற தடத்துலயே போவும். நடுவுல நடுவுல எளசா நின்னுடும். அதுக்குத்தான் குண்டா ஒருத்தன், ஒல்லியா ஒருத்தி, சின்னது பெருசுன்னு எல்லாத்தையும் சேத்து மிதிக்கிறது."

சொல்லிவிட்டு உன்னைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எழுந்து கை கழுவப் போனார். அவர் மண்ணைப் பற்றித்தான் பேசினார் என்று எடுத்துக்கொண்டேன். அந்த நோட்டு இதோ இருக்கிறது. 'கசிவு' என்று ஒரு புதிய தலைப்புப் போட்டு, அதையும் உனக்கு ஒரு பாடமாக்கியிருக்கிறேன்.

அதே வருடம் பெருமுக்கல்லுக்குப் போனோம். பாறைகளைப் பற்றிய பாடம். நீயும் நானும் மட்டும். மலை ஏறி, கோயிலுக்குப் பக்கத்தில் நிழலில் உட்கார்ந்து நான் வரைபடம் போட்டுக்கொண்டிருந்தேன். ஏதோ ஒரு ஊர்ப் பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளைகளை டூர் கூட்டிவந்திருந்தார்கள். சீருடை இல்லை. எல்லாரும் கலர் டிரெஸ்ஸில் இருந்தார்கள். எலுமிச்சை சாதத்துக்கு வரிசை நின்றது. நான் நிமிர்ந்தபோது நீ பக்கத்தில் இல்லை.

ஒரு சார் வரிசையின் முன்னாலிருந்து ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணிக்கொண்டு வந்தார். கடைசியில் நின்றார். "முப்பத்தேழு. ஏய், ஒண்ணு கூடுதே." திரும்பவும் முதலிலிருந்து எண்ணினார். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் காட்டிக் கூச்சல் போட்டார்கள். இவன்தான் சார் கூட, இவன் ரெண்டு ஆளு சைஸ் சார், என்று ஒரு குண்டுப் பையனைத் தள்ளிவிட்டார்கள். நீ கடைசியில் நின்றாய். முன்னால் இருந்த பையனின் தோளில் கை வைத்திருந்தாய். எல்லாரும் அப்படித்தான் வைத்திருந்தார்கள். சார் உன்னிடம் வந்து நின்று, "நீ எந்த ஸ்கூலுடா?" என்றார்.

நீ அவரை நிமிர்ந்து பார்த்தாய். பிறகு, "நான் ஸ்கூல் இல்ல சார்" என்றாய்.

வரிசை முழுவதும் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. பரவாயில்லை, நின்று சாப்பிட்டுவிட்டுப் போ என்றார். நான் ஓடிவந்து உன் மணிக்கட்டைப் பிடித்தேன். நாங்கள் சாப்பாடு கொண்டுவந்திருக்கிறோம் சார் என்றேன். உன் கை அந்தப் பையனின் தோளை விடவில்லை. இழுக்க வேண்டியிருந்தது. படி இறங்கும்போது நீ அழவில்லை, கோபப்படவும் இல்லை. பாதி வழியில் நின்று, "அவரு என் தலையத் தொட்டாரும்மா" என்றாய். சொல்லிவிட்டு, உச்சியில் கையை வைத்துக் காட்டினாய்.

அன்றைய நோட்டை நேற்று எடுத்துப் பார்த்தேன். இடப்பக்கம் 'பெருமுக்கல்' என்று தலைப்புப் போட்டு, பாறை வகைகளை வரிசையாக எழுதியிருக்கிறேன். வலப்பக்கம் நீ ஒன்றும் எழுதவில்லை. மூலையில் 37 என்று மட்டும் இருக்கிறது. அதைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டு, 'இது என்ன?' என்று கேட்டிருக்கிறேன்.

எனக்குத் தெரியும் தம்பி, அது என்ன என்று. அன்றைக்கே தெரியும்.

தெரிந்த பிறகு செய்ததைத்தான் இப்போது சொல்ல வேண்டும். ஸ்டெல்லா டீச்சரை உனக்கு நினைவிருக்காது. உன் பள்ளிக்கூடத்தின் தலைமை ஆசிரியை. நான் டி.சி. வாங்கவில்லை, அவரும் உன் பெயரை அடிக்கவில்லை. நீ வீட்டுக்கு வந்த முதல் ஜூனில், நான்காம் வகுப்புக்கான இலவசச் சீருடையை எடுத்துக்கொண்டு வெயிலில் பாத்தி வரப்பு வழியாக நடந்து வந்தார். காக்கி டிராயர், வெள்ளைச் சட்டை. போட்டுப் பார்க்கட்டும், போட்டால் வரத் தோன்றும் என்றார். நான் நன்றி சொல்லி வாங்கி வைத்துக்கொண்டேன். அடுத்த ஜூனில் ஐந்தாம் வகுப்புச் சீருடையோடு வந்தார். பெருமுக்கல் போய்வந்து மூன்று மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

அந்த முறை அவர் உட்காரவில்லை. "ஏம்மா, நீ படிச்சவ. உனக்கு நான் சொல்லணுமா? இந்த வருஷத்தோட அவன் பேரு தானா போயிடும். அதுக்கப்புறம் நான் வந்தாலும் பிரயோஜனம் இல்ல. பையனக் கூப்பிடு. வர மாட்டேன்னு அவன் வாயால சொல்லட்டும், நான் போயிடறேன்."

நீ வீட்டுக்குப் பின்னால் இருந்தாய். ஒரு குச்சியை நட்டு, அதன் நிழலை மணிக்கொரு முறை அளந்துகொண்டிருந்தாய். நான் கொடுத்த வேலை. கூப்பிட்டால் கேட்கும் தூரம். பத்து அடி.

"அவங்க அப்பாகூட அனுமந்தை போயிருக்கான் டீச்சர்" என்றேன். "நான் கேட்டேன். அவனுக்கு இஷ்டமில்லன்னு சொல்லிட்டான்."

நான் கேட்கவே இல்லை. ஒருமுறைகூட. கேட்டால் நீ என்ன சொல்வாய் என்று தெரிந்ததால் கேட்கவில்லை. அவர் சீருடையை ஜன்னல் திண்டில் வைத்துவிட்டு வரப்பில் திரும்பிப் போனார். நீ உள்ளே வந்து, யாரும்மா வந்தது என்று கேட்டாய். உப்பு ஆபீஸிலிருந்து வந்தார்கள் என்றேன். இரண்டு சீருடைகளையும் டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்தேன். அதன்மேல்தான் உன் நோட்டுகளை வருடா வருடம் அடுக்கிவந்தேன்.

இதற்குப் பிறகுதான் இடையஞ்சாவடி. வீட்டிலேயே கல்வி பற்றிப் பேச அங்கே ஒரு கூட்டம் கூட்டினார்கள். வெளியூர்ப் பெற்றோர்கள் நிறையப் பேர். நான் முக்கால் மணி நேரம் பேசினேன். ஸ்கேல் கோட்டைப் பற்றிச் சொன்னேன், நிழலை அளக்கும் பையனைப் பற்றிச் சொன்னேன். சின்னப் பாத்தியைப் பற்றியும் சொன்னேன். அது கசிந்ததைச் சொல்லவில்லை. பிறகு உன்னை மேடையில் ஏற்றினேன். நட்சத்திரங்களின் பெயர்களை வரிசையாகச் சொன்னாய். ஒரு பெண் எழுந்து, உனக்கு ஃப்ரெண்ட்ஸ் யார் கண்ணா என்று கேட்டாள். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். "அம்மா" என்றாய். கூட்டம் கை தட்டியது. நானும் தட்டினேன்.

பலனே இல்லை என்று சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும். நீ தனித்தேர்வராகப் பத்தாவது எழுதினாய், எல்லாரையும் விட நன்றாக எழுதினாய். கம்ப்யூட்டரை நீயாகவே கற்றாய். இன்று பத்தாவது மாடி வீட்டில் உட்கார்ந்து ஏதோ ஒரு தேசத்துக் கம்பெனிக்கு வேலை செய்கிறாய். யாரும் உன்னைக் குறை சொன்னதில்லை. ஆனால் அந்தப் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் போய்வந்தபோது உதடு வெடித்திருந்தது. மூன்று மணி நேரம் தண்ணீர் குடிக்கவில்லை. ஏன் என்றதற்கு, யாரிடம் கேட்க வேண்டும் என்று தெரியவில்லை என்றாய். அதை உன் அடக்கம் என்று அஞ்சலையிடம் சொல்லிப் பெருமைப்பட்டேன். அவள் என்னை ஒருமாதிரிப் பார்த்தாள்.

உன் கல்யாணத்துக்கு வருகிறேன். திண்டிவனத்தில் மண்டபம். நம் பக்கத்தில் கல்யாணம் என்றால் வாசலில் நண்பர்கள் பேனர் வைப்பார்கள். கூலிங் கிளாஸ் போட்ட முகங்கள் வட்ட வட்டமாக, கீழே பட்டப் பெயர்கள். பெண் வீட்டுப் பக்கம் கவிதாவின் அண்ணனுடைய கூட்டாளிகள் நான்கு பேனர் கட்டியிருந்தார்கள். நம் பக்கம் வெறும் கம்பாகத்தான் இருந்திருக்கும். கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்பு அப்பா உன்னிடம் வந்து, "ஏம்பா, உன் ஃப்ரெண்டுங்க போட்டோ குடு, பேனர் அடிக்கணும்" என்று கேட்டது நினைவிருக்கிறதா? நீ வேண்டாம்பா என்றாய். அவர் இரண்டாவது முறை கேட்கவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு போய், பாத்தியில் வேலை செய்தவர்களின் வீடுகளில் ஏறி இறங்கி, உன் வயதுப் பையன்களின் போட்டோக்களை வாங்கிவந்து, ஒரு பேனர் அடித்தார். நடுவில் சதீஷ். மேலே, 'மச்சானுக்குக் கல்யாணம், இவண் உயிர் நண்பர்கள்.' அதில் இருந்த ஒன்பது பேரில் ஆறு பேரை உனக்குப் பெயர் சொல்லத் தெரியாது.

சதீஷ் வந்திருந்தான். அப்பா கேட்டுக்கொண்டதால் உன் பக்கத்தில் தோழனாக நின்றான். கவிதாவின் சித்தி பெண்கள் அவனைச் சூழ்ந்துகொண்டு, மாப்பிள்ளையைப் பற்றி ஏதாவது சொல்லுங்க, மானத்தை வாங்குங்க என்று பிடுங்கினார்கள். அவன் வெகுநேரம் யோசித்தான். உண்மையாகவே யோசித்தான், பாவம். "நல்லவரு" என்றான். "நாங்க பாத்தி மிதிக்கறப்ப வீட்டாண்ட நின்னு பாத்துனு இருப்பாரு." அந்தப் பெண்கள் மேலும் ஏதோ வரும் என்று காத்திருந்தார்கள். ஒன்றும் வரவில்லை. நீ சிரித்த முகத்தோடு கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அப்பா தூணின் அருகே நின்று துண்டால் முகம் துடைத்தார். அவர் அன்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சாகும்வரை கேட்கவில்லை.

கவிதா போன வாரம் ஃபோன் செய்தாள். அவள் உன்னைப் பற்றிக் குறை சொல்லவில்லை. அழாமல் பேசினாள். "லிஃப்ட்ல யாராவது இருந்தா படியில போறாரு அத்த. பத்து மாடி." பிறகு அட்மிஷனுக்குப் போன நாளைச் சொன்னாள். நீ காரை நிறுத்திவிட்டு கேட் வரைக்கும் வந்தாயாம். உள்ளே பெற்றோர்கள் கூட்டமாக நின்று பேசிக்கொண்டிருந்தார்களாம். நீ நின்று பார்த்துவிட்டு, அவளிடம் "நீ போய் ஃபார்ம் வாங்கிட்டு வா" என்று சொல்லிக் காருக்குள் போய் உட்கார்ந்துகொண்டாயாம். வீட்டுக்கு வந்ததும், ஸ்கூல் வேண்டாம், அம்மாவை வரச் சொல்லலாம் என்றாயாம். கடைசியாக ஒன்று சொன்னாள். "நிலா சாயங்காலம் கீழ பார்க்குக்குப் போறா. மத்த பசங்க வெளையாடற எடத்துக்குப் பக்கத்துல போய் நிக்கறா. கூப்பிடுவாங்கன்னு நிக்கறா அத்த. இவரு பெஞ்சுல உக்காந்து அதைப் பாத்துனே இருக்காரு, ஒண்ணும் சொல்றதில்ல."

அப்படி நிற்பது உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும். பார்த்துக்கொண்டே ஒன்றும் சொல்லாமல் இருப்பதும் எனக்குத் தெரியும்.

பள்ளிக்கூடம் நல்ல இடம் என்று சொல்ல வரவில்லை. அங்கே நிலாவுக்கு அடி விழலாம், அவமானம் வரலாம், வெறும் மனப்பாடம் நடக்கலாம். அப்போது நீ போய்க் கேள். அந்தக் கேட்டைத் தாண்டி உள்ளே போய்க் கேள். உனக்கு வியர்க்கும். வியர்க்கட்டும். வீட்டில் வைத்துச் சொல்லிக் கொடுத்து, பிள்ளையை நாலு பேரோடு விட்டு, நன்றாக வளர்த்தவர்களும் இருப்பார்கள். இடையஞ்சாவடிக் கூட்டத்தில் என் பேச்சைக் கேட்டுவிட்டுப் போனவர்களில்கூட இருக்கலாம். நான் அவர்களில் ஒருத்தி இல்லை. அன்று நான் கேட்டுக்கொண்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். இவன் வீட்டில் இருந்தால் யாருடைய தனிமை தீரும்? அதை நான் தவிர்த்தேன். நீயும் இப்போது தவிர்க்கிறாய். உன் செய்தியின் கடைசி வரியில் பதில் இருக்கிறது. என் தனிமையை எழுதியிருந்தாய். உன்னுடையதை எழுதவில்லை. நிலாவுடையது அதில் எங்கும் இல்லை.

நான் வரவில்லை.

இதை எழுதிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். வர வேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசை என்று உனக்குத் தெரியாது. அவளோடு மதியம் சேர்ந்து சாப்பிடலாம். அவள் பேசிக்கொண்டே இருப்பாள். அதற்காகவே வரவில்லை. லீவுக்கு அவளைக் கூட்டி வா. அவள் வேறு யாரையாவது சேர்த்துக் கூட்டிவந்தாலும் சரி. வீட்டில் இடம் இருக்கிறது. மழை விட்டதும் மிதிப்பு தொடங்கும். சதீஷுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். அவன் இப்போதும் இங்கேதான் இருக்கிறான், அந்தப் பாத்தியில்தான். நீ வந்தால் அவனோடு பேச முயற்சி செய். பேச்சு வராவிட்டால் பக்கத்தில் நின்று மிதி. அவன் தோளில் கை போட்டால் தட்டிவிட மாட்டான்.

என் மேல் உனக்குக் கோபம் வந்தால் நல்லது. இதுவரை நீ என் மேல் கோபப்பட்டதே இல்லை. அதையும் நான் ஒரு நல்ல குணமாகத்தான் எல்லாரிடமும் சொல்லி வந்தேன். மன்னிப்பு கேட்கவில்லை. கேட்டால் நீ உடனே கொடுத்துவிடுவாய்.

பார்சலில் நோட்டுகள் இல்லை. அவை இங்கேயே இருக்கட்டும். நிலாவுக்கு அவை தேவைப்படாது. இரண்டு சீருடைகளை மட்டும் அனுப்புகிறேன். கடையில் மடித்த மடிப்பு அப்படியே இருக்கிறது. ஐந்தாம் வகுப்புச் சட்டையின் பைக்குள் ஸ்டெல்லா டீச்சர் ஒரு துண்டுச் சீட்டு வைத்திருக்கிறார். நேற்றுதான் பார்த்தேன். உன் பெயரும் வருகைப் பதிவேட்டில் உன் வரிசை எண்ணும் இருக்கின்றன, வேறொன்றும் இல்லை. பெருமுக்கல்லில் அந்த சார் சொன்ன எண் அது இல்லை. ஆனால் அது உன்னுடையது. அந்த வருடம் முழுவதும் யாரோ ஒருவர் அந்த எண்ணை உரக்கக் கூப்பிட்டு, பதில் வராமல் அடுத்த எண்ணுக்குப் போயிருக்கிறார்.

ஃபார்மை நிரப்பு. பணம் கட்டும் இடத்தில் நீயே போய் நில். முதல் நாள் அவளைக் கேட்டுக்குள் விட்டதும் காருக்கு ஓடிவிடாதே. அவர்கள் வரிசையில் நிறுத்தி எண்ணுவார்கள், அதுவரை நின்று பார். அவள் எத்தனையாவது என்று எனக்கு ஃபோன் செய்து சொல்.

அம்மா